இணக்கி எடுக்கும் நாள்

செவ்வாயின் ஜமீன் குடும்பங்களில் கணவன் இறந்தால், காரியம் முடிந்த மறுநாள் காலை மருத்துவர் வந்து மனைவியின் காதுக்குப் பின்னால் இருக்கும் இணக்கியை எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அவள் அழக்கூடாது. அழவும் மாட்டாள் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கை. கணவன்மேல் நேசத்தையும் துக்கத்தையும் தரும் கருவியே போனபின் அழுகை எங்கிருந்து வரும்? எடுத்த கையோடு பாயசம் கொடுப்பார்கள். குடித்துவிட்டு அவள் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும்.

செண்பகவல்லி அந்தக் காலைக்காகத்தான் காத்திருந்தாள். கணவர் பூபதி போனதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய காற்றுக்கவசம் மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தாலே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இதெல்லாம் என்னுடையது இல்லை, நெல்மணி அளவுச் சில்லு செய்கிற வேலை, எடுத்தால் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் பொழுதைத் தள்ளினாள்.

இணக்கி எப்படி வந்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதல் கப்பலில் வந்திறங்கியவர்களின் வாரிசுகள் ஆளுக்கொரு குமிழ் நகரத்தை வளைத்துப் போட்டுக்கொண்டு ஜமீன்தார்கள் ஆனார்கள். எந்தக் கிரகத்துக்குப் போனாலும் மனிதன் முதலில் இறக்கிவைக்கிற சாமான் ஜமீன்தான். ஒரு குமிழில் காற்று தயாரிக்கும் ஆலை இருந்தது, இன்னொன்றில் பனிச்சுரங்கம் இருந்தது. பனியை உருக்கிப் பிரித்தால்தான் காற்று. இரண்டு வீடும் முறைத்துக்கொண்டால் ஊரே மூச்சுத் திணறும். ஆகவே கல்யாணம் செய்தார்கள். அந்தக் கல்யாணம் முறியாமல் இருக்க, மூளையில் நேசத்தைச் சுரக்கவைக்கும் ஒரு சில்லையும் செய்தார்கள். அது பெண்ணுக்கு மட்டும். ஆளப்போகிறவன் தலையில் கைவைப்பதா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம்.

பனிச்சுரங்க ஜமீன்தார் உண்மையில் பெண் கேட்டது செண்பகத்தின் தங்கை மங்களாவை. அவளோ குமிழின் கண்ணாடியைப் பராமரிக்கும் பொறியாளன் ஒருவனிடம் மனதைப் பறிகொடுத்திருந்தாள். இணக்கியை வைத்தால் அவனை மறந்துவிடுவேனே என்று தரையில் விழுந்து அழுதாள். செவ்வாயின் நிலாக்களில் ஒன்றில் இருக்கும் வானாய்வுக்கூடத்தில் செண்பகத்துக்கு அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. சிறு வயதிலிருந்து அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

"அவளை விட்டுடுங்கப்பா. நான் போறேன்" என்றாள்.

யார் போனால் என்ன, தன் ஆலைக்குப் பனி வந்தால் சரி என்று அப்பா தலையாட்டினார்.

பூபதி நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று. கருவி சொல்கிறதே என்பதற்காகத் தன்னிடம் சிரித்துப் பேச வேண்டாம் என்று கல்யாணமான அன்றே அவளிடம் சொல்லிவிட்டார். அவளுக்கு வானத்தின் மேல் பைத்தியம் என்று தெரிந்ததும் குமிழின் உச்சியில் தொலைநோக்கி ஒன்றைப் பொருத்தித் தந்தார். அவள் அதில் கண்ணை வைத்துக்கொண்டு நேரத்தை மறந்து நிற்பாள். அவர் பக்கத்தில் டீ ஃபிளாஸ்க்கோடு நிற்பார். அவள் மனம் நெகிழும். நெகிழ்ந்த மறுகணமே, இது சில்லின் வேலை, ஏமாந்துபோகாதே என்று தன்னைத் திட்டிக்கொள்வாள். ஏதோ ஒரு நாள் தாங்கமாட்டாமல் அவர் கையைப் பிடித்தால், அவர் முகம் மலர்ந்து உடனே வாடிவிடும். "கருவி நல்லா வேலை செய்யுது" என்று சொல்லிக் கையை மெதுவாக விடுவித்துக்கொள்வார்.

இப்படியே தலை நரைத்துவிட்டது. சாகும்போதுகூட அவர், "பயப்படாதே செண்பகம். எடுத்துட்டா என் ஞாபகமே உன்னைத் தொந்தரவு பண்ணாது" என்றுதான் ஆறுதல் சொன்னார்.

வந்த மருத்துவர் தாட்சாயணி வயதில் சின்னவள். பழைய மருத்துவர்களைப்போல் எடுத்ததை யார் கண்ணிலும் காட்டாமல் மூடி எடுத்துப்போகத் தெரியாதவள். காதுக்குப் பின்னால் சின்னதாகக் கீறி, சில்லை வெளியே எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்தாள். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு துக்கம் போவதற்காகக் காத்திருந்தாள். அது போகவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள்.

தாட்சாயணி கொஞ்சம் தயங்கினாள். "போகாதும்மா. இது வெறும் கண்ணாடி. உள்ளே ஒண்ணுமே கிடையாது."

முதலில் செய்த நிஜ இணக்கிகளால் பெண்களுக்கு வலிப்பு வந்ததாம். செய்வதை நிறுத்திய மருத்துவர்கள், விஷயம் வெளியே தெரிந்தால் சம்பந்தங்கள் முறியுமே என்று பயந்து வெறும் கண்ணாடியை வைத்து அனுப்பினார்களாம். மருமகள்களிடம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர்கள் அப்படியே சிரித்தார்கள், பரிமாறினார்கள், பிள்ளை பெற்றார்கள். அதனால் அதுவே நிலைத்துவிட்டது.

செண்பகம் அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியானால் அத்தனையும் அவளுடையதுதான். ஒவ்வொரு முறையும் அவரைப் பிடித்த அந்தக் கை அவளுடைய கைதான். அது தெரியாமலே அந்த மனுஷர் போய்விட்டார். பாயசம் ஆறிப் போயிற்று.

அன்று மத்தியானம் மங்களா தன் மகள் வேண்மாளோடு வந்தாள். துக்கம் கேட்க வரவில்லை. இணக்கி எடுத்தாகிவிட்டதால் நல்ல சேதி சொல்லலாம் என்று வந்திருந்தாள். வேண்மாளுக்கு வடதுருவ ஜமீனில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. பெண் அழுது அழுது முகம் வீங்கி, வாசற்பக்கமே நின்றுவிட்டாள். அவள் மனதில் வேறு யாரோ இருப்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செண்பகம் தங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு போய், இவளையாவது விட்டுவிடு, நீ எப்படித் தப்பித்தாய் என்று மறந்துபோயிற்றா என்று கேட்டாள்.

"தப்பிச்சு என்னத்தைக் கண்டேன்? மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு தினமும் சண்டை. உனக்கென்னக்கா, இணக்கி இருந்துச்சு, ராணி மாதிரி இருந்தே. உன்னைப் பார்த்துத்தான் இவளுக்கு இதை முடிவே பண்ணேன்."

இத்தனை வருஷத்தில் தான் கொடுத்ததைத் தங்கை ஒரு நாளும் கொடுத்ததாக நினைக்கவில்லை என்பது செண்பகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. துணியைப் பிரித்துக் கண்ணாடியைக் காட்டினாள். மருத்துவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மங்களா அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் திகைப்பு வந்தது, பிறகு மெல்லத் தெளிந்தது.

"அப்போ வலிப்பு கிலிப்பு எதுவும் வராது. நல்லதாப் போச்சு. இது இல்லாமலேதானே நீ வாழ்ந்திருக்கே? அந்தக் காலத்துல பூமியில நம்ம பொம்பளைங்க எல்லாம் எதை வெச்சுக்கிட்டா வாழ்ந்தாங்க? போகப் போகப் பழகிடும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

கதவோரம் வேண்மாள் வந்து நின்றாள். அம்மாவைப் பார்க்காமல் பெரியம்மாவை மட்டும் பார்த்தாள்.

"பெரியம்மா, கல்யாணத்துக்கப்புறம் நிஜமாவே அவரைப் பிடிச்சுப் போயிடுமா? உங்களுக்குப் பிடிச்சுதா?"

பூபதியைப் பற்றி வாழ்நாளில் முதல்முறையாகச் செண்பகத்தால் உண்மையைச் சொல்ல முடிந்தது.

"ரொம்பப் பிடிச்சுதும்மா. ஆனா..."

அது போதுமென்று பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மங்களா அதற்குள் மாப்பிள்ளை வீட்டோடு தொலைபேசியில் பேச ஆரம்பித்திருந்தாள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்னவென்று கேட்க யாரும் நிற்கவில்லை.