டக் டக்கைத் தேடிப் போன டிரான்சிஸ்டர்

பள்ளிக்கூடத்தின் அறிவியல் மூலையில் மூன்று டிஜிட்டல் ரேடியோக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றும் வாயைத் திறக்கவில்லை.

"பேசுங்களேன்! உங்களுக்குப் புண்ணியமா போவும்!" என்று நதியா கெஞ்சினாள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் நதியாதான் அந்த மூலைக்குப் பொறுப்பு. ரேணுகாதேவி டீச்சர் அங்கே இங்கே கேட்டு வாங்கி வந்த ரேடியோக்கள் அவை. நதியா ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள்.

முதலாவது, அண்டா. டிஜிட்டல் ரேடியோ புதிதாக வந்த காலத்துப் பெரிய பெட்டி. அலையைப் பிடிக்க ஒரு சிப், அதை எண்களாக மாற்ற ஒரு சிப், எண்களை மறுபடி குரலாக்க இன்னொரு சிப் என்று உள்ளே ஒரு கூட்டுக்குடும்பமே குடியிருந்தது. கால் மணி நேரம் ஓடினால் போதும், அதன் தலையில் தோசை சுடலாம்.

இரண்டாவது, டிபன்பாக்ஸ். பத்து வருடம் கழித்துப் பிறந்தது. அந்தக் கூட்டுக்குடும்பம் செய்த வேலை முழுவதையும் ஒரே ஒரு சிப் செய்துவிடும்.

மூன்றாவது, கட்டைவிரல் அளவே உள்ள சுண்டெலி. இது அலையைப் பிடித்து எண்களாக்கி செல்போனுக்குள் தள்ளிவிடும். மீதி வேலையெல்லாம் போனில் இருக்கும் செயலியின் பாடு. வீட்டுப்பாடத்தை அடுத்தவர் தலையில் கட்டுகிற ஆட்கள் எந்த வகுப்பில்தான் இல்லை?

போன வாரம் மூன்றும் ஜோராகப் பாடின. இன்று பார்த்து மூன்றும் மௌன விரதம்.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஏழாம் வகுப்பின் நிகழ்ச்சி வானொலியில் வருகிறது! இரண்டு மாதத்துக்கு முன்பு சென்னை வானொலியிலிருந்து வந்தவர்கள், பக்கத்து ஊரான காவலூரில் வைத்து இவர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார்கள். டிஜிட்டல் ஒலிபரப்பில் மட்டும்தான் வரும். அதுவும் ஒரே ஒரு முறைதான். போனில் கேட்கலாமே என்றால், இந்த ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் மரத்தில் ஏற வேண்டும். ஏறினாலும் பாதி நாள் கிடைக்காது.

எல்லோரையும்விட நவீன்குமார்தான் தவித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச்சு அவ்வப்போது முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆனாலும் அன்றைக்குச் சாமைப் பயிரைப் பற்றி அவன் பேசினான். தனியாக, முழுதாகப் பேசினான்.

"உன் பேச்சை மட்டும் வெட்டித் தூக்கிப் போட்டிருப்பாங்கடா" என்று எட்டாம் வகுப்பு கோபால் நேற்றுகூடச் சிரித்தான்.

நவீனின் அம்மா ராணியம்மாள் இன்று புளி உடைக்கும் வேலைக்குப் போகவில்லை. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு மத்தியானத்திலிருந்தே பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "கண்டிப்பா கேக்க வெக்கிறேன் அத்தை" என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தவள் நதியா.

மணி ஒன்றரை.

நதியா டிபன்பாக்ஸுக்கு பேட்டரி மாற்றினாள். அண்டாவின் ஏரியல் கம்பியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். "வண..." என்றது அண்டா. பிறகு அமைதி. "செய்..." என்றது. மறுபடி அமைதி.

நவீன் எட்டிப் பார்த்தான். "இ... இன்னா நதியா, இது என்னாட்டமே பேசுது!"

நதியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

டிஜிட்டல் ரேடியோவுக்கு ஒரு வீம்பு உண்டு. எண்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தால் தேனாகப் பேசும். நடுவில் ஒரு கைப்பிடி எண்கள் கெட்டுப்போனால் 'உம்'மென்று இருந்துவிடும். எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் சொல்லாது.

"டாக்டர்கிட்ட வாயைத் தொறக்காத நோயாளி மாதிரி" என்று டீச்சர் பெருமூச்சு விட்டார். "நான் இன்னொரு தடவை கம்பியைப் பார்க்கிறேன். நீ வேற ஏதாவது யோசி, நதியா."

வேறு என்ன யோசிப்பது? நதியா மேசையடியில் பார்த்தாள். அங்கே ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ கிடந்தது. மூன்று நாள் முன்பு முனிசாமி பெரியப்பா கொடுத்தது. டிஜிட்டலே தெரியாத கிழம். டிஜிட்டல் ஒலிபரப்பு அதற்கு வெறும் இரைச்சல்தான். ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் இருந்தது. காதில் விழுவது இரைச்சலோ, கரகரப்போ, எதையும் மறைக்காமல் அப்படியே சொல்லிவிடும்.

நதியா அதை எடுத்து, அதே நிலையத்தின் இடத்துக்கு முள்ளைத் திருப்பினாள்.

சர்ர்ர்ர்... டக்! சர்ர்ர்ர்... டக்!

"டீச்சர்! கேளுங்க! 'சர்'ருன்னு வர்றது நம்ம நிகழ்ச்சி வர்ற அலை. இந்த 'டக்' யாரு?"

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரியா நொடிக்கு ஒண்ணு! அந்த 'டக்'தான் எண்களைக் கெடுக்குது."

நதியா டிரான்சிஸ்டரை வாசல் பக்கம் திருப்பினாள். டக் மெலிந்தது. மலைச்சரிவின் பக்கம் திருப்பினாள். டக் ஓங்கியது.

"நவீன், வா!"

இரண்டு பேரும் டிரான்சிஸ்டரை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்கள். டக் குறைந்தால் நின்றார்கள், திரும்பினார்கள், கூடினால் நடந்தார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டி, பலாமரத்தைத் தாண்டி, ஓடையில் இறங்கி ஏறினார்கள். டக் இப்போது டமார் டமார் என்று அடித்தது.

எதிரே முனிசாமி பெரியப்பாவின் சாமை வயல். கதிர்கள் முற்றித் தலை குனிந்து நின்றன. வயலைச் சுற்றிப் புத்தம் புதிய சோலார் வேலி. கம்பத்தில் ஒரு பெட்டி நொடிக்கொரு தரம் வேலிக் கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளி, பச்சை விளக்கைச் சிமிட்டியது. விளக்கு சிமிட்டியபோதெல்லாம் டிரான்சிஸ்டர் 'டக்' என்றது.

"அ... அகப்பட்டான் திருடன்!" என்றான் நவீன்.

"இன்னா பாப்பா, இஸ்கூலு வுட்டாச்சா?" என்று கேட்டபடி முனிசாமி பெரியப்பா வந்தார்.

நதியா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பெரியப்பாவின் முகம் வாடியது.

"வேலி போட்டு மூணு நாளுதான் ஆவுது கண்ணு. முந்தா நேத்து சோறு துன்னுட்டு வர்ற நேரம் நிறுத்தி வெச்சேன். கொரங்குக் கூட்டம் பூந்து நாலு வரிசை கதிரை உருவிட்டுப் போய்டுச்சி. அதோ பாரு, அந்தப் புளியமரத்துல. நான் எப்ப நிறுத்துவேன்னே பாத்துக்கினு இருக்குதுங்க."

நிமிர்ந்து பார்த்தார்கள். மரக்கிளையில் இருபது குரங்குகள், பந்திக்கு இலை போடக் காத்திருப்பது போல வரிசையாக உட்கார்ந்திருந்தன.

'அரை மணி நேரம் நிறுத்துங்க பெரிப்பா' என்ற சொல் நதியாவின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் விழுங்கிவிட்டாள். அந்தச் சாமைதான் பெரியப்பா வீட்டுக்கு வருடம் முழுவதும் சோறு. ஒருவர் சோற்றைக் குரங்குக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ரேடியோ கேட்பதா? அது தப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

நவீனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதையும் அவளால் தாங்க முடியவில்லை.

வயல் நடுவே நான்கு மூங்கில் கால்களில் காவல் பரண் நின்றது. அதன் ஓரத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒன்றும் தொங்கவில்லை.

"பெரிப்பா, அந்த ஆணியில இன்னா இருந்துச்சி?"

"உன் கையில இருக்குதே, அந்த ரேடியோதான். வேலி வர்றதுக்கு முன்னாடி அதுதான் காவலு. ரேடியோ பேசிக்கினே இருந்தா, ஆளு இருக்குதுன்னு கொரங்கு பயந்துக்கும். பேட்டரி வாங்கித்தான் கட்டுப்படி ஆவல."

நதியா துள்ளிக் குதித்தாள்.

"அப்ப இன்னிக்கும் ரேடியோவே காவலு இருக்கட்டும்! நாங்க எல்லாரும் இங்கயே வர்றோம். வயலைச் சுத்தி முப்பத்தாறு புள்ளைங்க நிக்கிறோம். பரண்ல எங்க பெரிய ரேடியோ பேசும். எந்தக் கொரங்கு வருதுன்னு பாத்துடலாம். ஒரு கதிரு போனாலும் நான் பொறுப்பு!"

பெரியப்பா தாடையைச் சொறிந்தார். மரத்தைப் பார்த்தார். நவீனைப் பார்த்தார்.

"நீ சாமையைப் பத்தியா பேசின?"

நவீன் தலையாட்டினான்.

"நம்ம பயிரைப் பத்தி பேச்சு வருது. நம்ம வேலியே தடுத்தா நல்லாவா இருக்கும்? கூட்டிக்கினு வா எல்லாரையும்!"

அப்புறம் பார்க்க வேண்டுமே அந்த ஓட்டத்தை! அண்டாவை நான்கு பேர் தூக்கினார்கள். டிபன்பாக்ஸ் நதியாவின் கையில், சுண்டெலி டீச்சரின் போனில். பின்னால் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் ஏந்திப் படையெடுத்தன. ஊரில் பாதிப் பேர் என்னவோ ஏதோ என்று கூடவே வந்தார்கள். ராணியம்மாள் புடவை நனையாமல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையைத் தாண்டினார்.

மணி இரண்டு ஐம்பது. அண்டாவைப் பரண்மேல் ஏற்றியாயிற்று. அப்போதுதான் கோபால் கேட்டான்.

"கரண்டு?"

எல்லோரும் விழித்தார்கள். வயலில் எங்கே கரண்ட்?

நதியா அண்டாவின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். 'பன்னிரண்டு வோல்ட்' என்று எழுதியிருந்தது. வேலிப் பெட்டியின் கீழே இருந்த பேட்டரியைப் பார்த்தாள். அதிலும் பன்னிரண்டுதான்!

"பெரிப்பா, வேலி தூங்குற நேரம் அதோட பேட்டரியும் சும்மாதானே இருக்கும்?"

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். வேலியை நிறுத்தினார். பச்சை விளக்கு அணைந்தது. பேட்டரியைக் கழற்றிப் பரணுக்கு அவரே தூக்கி வந்தார். டீச்சர் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் சரிதானா என்று இருமுறை பார்த்து மாட்டினார். நதியா டிரான்சிஸ்டரைக் காதருகே வைத்தாள்.

சர்ர்ர்ர்ர்ர்ர்... டக் இல்லவே இல்லை!

மூன்று மணி. அண்டா, டிபன்பாக்ஸ், சுண்டெலி மூன்றையும் நதியா முடுக்கினாள்.

"வணக்கம்!" என்றது டிபன்பாக்ஸ். "வணக்கம்!" என்றது சுண்டெலி. "வணக்கம்!" என்றது அண்டா கடைசியாக. ஆளுக்கு அரை நொடி முன்னும் பின்னுமாகப் பேசின. ஒன்றும் புரியவில்லை.

"ஒருத்தர் பேசினாப் போதும்" என்று நதியா மற்ற இரண்டையும் அணைத்தாள். வயதில் மூத்த அண்டாவுக்குத்தான் தொண்டை பெரியது. மலைச்சரிவு முழுவதும் கேட்டது.

குரங்குகளில் பெரியது ஒன்று மெதுவாக இறங்கியது. பொடிசுகள் தட்டைத் தட்டின. அண்டாவில் ஏழாம் வகுப்பு சேர்ந்து பாடியது. குரங்கு பரணைப் பார்த்தது, வயலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தது, வந்த வழியே ஏறிவிட்டது.

பாட்டு முடிந்தது. "அடுத்து, நவீன்குமார்" என்றது ரேடியோ.

ராணியம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்க மலையில சாமை விளையும். கதிர் முத்தினா தலை குனியும். அப்ப நாங்க..."

அமைதி.

எல்லோரும் நதியாவைப் பார்த்தார்கள். ரேடியோ மறுபடி நின்றுவிட்டதா? நதியா வேலிப் பெட்டியைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. அப்புறம் ஏன்?

"அ... அது ரேடியோ இல்ல" என்றான் நவீன் மெல்ல. "நா... நான்தான்."

"...அப்ப நாங்க எல்லாரும் சேந்து அறுப்போம்" என்று தொடர்ந்தது ரேடியோவில் அவன் குரல். "சாமைச் சோத்துல மொச்சைக் கொழம்பு ஊத்தினா, ரெண்டாவது தரம் கேக்காம எந்திரிக்க மாட்டீங்க!"

யாரும் எதையும் வெட்டவில்லை. நின்ற இடம், மூச்சு வாங்கிய இடம், திரும்பத் தொடங்கிய இடம், எல்லாம் அப்படியே வந்தது.

சரிவு முழுவதும் கைதட்டல் எழுந்தது. புளியமரத்துக் குரங்குகள் ஓட்டம் பிடித்தன. எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவன் கோபால். ராணியம்மாள் மகனின் தலையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார்.

"என் புள்ள குரல்! மெட்ராஸ் போய்ட்டு வந்திருக்குது!"

மூன்றரைக்கு நிகழ்ச்சி முடிந்தது. பெரியப்பா வயலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நதியாவிடம் நின்றார்.

"ஒரு கதிரு போவல பாப்பா! இந்த நிகழ்ச்சியைத் தினமும் போடச் சொல்லேன்."

"ஒரே ஒரு தரம்தான் போடுவாங்களாம் பெரிப்பா."

"அப்பிடியா?" பெரியப்பா பரணைக் காட்டினார். "அப்ப நவீனு, நீயே ஏறி இன்னொரு தரம் சொல்லு. எனக்கு அந்த மொச்சைக் கொழம்பு இடம் சரியா காதுல வுழல."

நவீன் ஏறினான். கூட்டம் முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. இந்த முறை மூன்று இடத்தில் நின்றான். மூன்று முறையும் எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் சாமையை அறுத்து, சோறாக்கி, மொச்சைக் குழம்பை ஊற்றி முடித்த பிறகுதான் பரணிலிருந்து இறங்கினான்.