நிரம்பிக்கொண்டே போன பெட்டி

"எதுவும் காணாமப் போகல மேடம். கூடிக்கிட்டே போகுது. அதான் என் புகாரே."

துப்பறிவாளர் தலையசைத்தாள். பக்கத்தில் இருந்த அவள் கணவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். வேலையை விட்டுவிட்டு மனைவிக்கு உதவியாளராகச் சேர்ந்தவர். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் இதுவரை அவர் ஊகம் ஒன்றுகூடப் பலித்ததில்லை.

புகார் சொன்னவர் ஓய்வுபெற்ற மில் மேற்பார்வையாளர். அவர் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அவருடைய பழைய சினிமாப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். சாய்வு நாற்காலியில் கிடந்தபடி வைஃபை வழியாகப் போனில் பார்ப்பார்.

"நான் புதுசா ஒரு படம்கூடப் போடல. ஆனா பெட்டியில இடம் குறைஞ்சுக்கிட்டே வருது. புதன்கிழமை பிசியோதெரபி போயிட்டு வந்து பார்த்தா குறைஞ்சிருக்கும். முட்டி ஆபரேஷன் ஆனதுல இருந்து அஞ்சு வருஷமாப் போறேன். இன்னிக்கும் புதன்தான், உங்களுக்காகப் போகாம நின்னுட்டேன்."

"வைஃபை பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"மாடியில குடியிருக்கற இந்தப் பொண்ணுக்கு மட்டும்தான். கண்ட படத்தை எல்லாம் இறக்கி என் பெட்டியில ஒளிச்சு வைக்குது. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன்."

"நானும் அதான் நினைச்சேன்," என்றார் கணவர்.

வாசலோரம் நின்றிருந்த பெண், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். கையில் பாதி மூடிய பை. "சார், மாடியில உங்க வைஃபை ஒரு கோடுகூட வராது. குடிவந்த வாரமே விட்டுட்டேன். வேணும்னா வந்து பாருங்க."

கணவர் போனில் பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினார். போன கையோடு தெருக் கேட் வரைக்கும் நடந்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார். "மாடியில சுத்தமா இல்ல. கேட்டுக்கு வெளிய என்னமா வருது தெரியுமா."

"நீங்க இன்னிக்குச் செஞ்ச உருப்படியான வேலை," என்றாள் மனைவி. கணவருக்கு அது பாராட்டா கிண்டலா என்று பிடிபடவில்லை. பெரியவர் பக்கம் திரும்பினாள். "படத்தை எப்படிப் பார்ப்பீங்க, காட்டுங்க."

அவர் போனில் ஒரு பொத்தானைத் தொட்டார். நேராகப் படங்களின் வரிசை வந்தது. மேல் ஓரத்தில் சின்னதாக, பின்னால் போவதற்கான ஓர் அம்புக்குறி.

"இதைத் தொட்டிருக்கீங்களா?"

"எதுக்கு? எனக்கு வேண்டியது இங்கேயே இருக்கே. இப்படித்தான் வச்சுக் கொடுத்தா."

"யாரு?"

பெரியவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "என் பொண்ணு. இந்தப் பெட்டியே அவ வாங்கினதுதான். இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. படி ஏறாதேன்னுட்டேன். மூணு வருஷமாச்சு."

"போன்ல பேசறதில்லையா?"

"நம்பரை பிளாக் பண்ணிட்டேன்."

"வைஃபை பாஸ்வேர்டு?"

"அதை மாத்த எனக்கு எங்க தெரியும்?"

"திருடறவன் எடுத்துட்டுப் போவான்," என்றாள் அவள் நிதானமாக. "இங்க வந்து போறவங்க வச்சுட்டுப் போறாங்க. இந்தப் பெட்டிக்குள்ள நுழைய வைஃபை எட்டணும். மாடியில எட்டாது, தெருவுல எட்டுது. பழைய பாஸ்வேர்டு தெரியணும். புதன்கிழமை நீங்க இருக்க மாட்டீங்கன்னும் தெரியணும். அப்படி ஒரே ஆள்தான் இருக்காங்க. எல்லாக் கதவையும் சாத்தினீங்க. இது ஒண்ணு மட்டும் திறந்தே கிடந்திருக்கு."

அம்புக்குறியைத் தொட்டாள். படங்கள் இருந்த ஃபோல்டருக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அது முழுக்க வீடியோக்கள். ஒன்றைத் திறந்தாள்.

ஒரு குழந்தை பாத்திர மூடியை டம்ளர் மேல் பொருத்தப் பார்க்கிறது. பொருந்தவில்லை. விடவும் இல்லை. படம் எடுப்பவள் சிரிக்கிறாள். "பாருங்கப்பா, உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்."

கணவர் விட்டத்தைப் பார்த்தார். அவள் வீடியோவை மூடிப் போனை மேசையில் வைத்தாள்.

அப்போது பெட்டியின் பச்சை விளக்கு படபடவென்று மினுங்கத் தொடங்கியது.

"இப்ப நாம யாரும் எதுவும் பார்க்கலையே," என்றார் கணவர்.

"பார்க்கல. உள்ள ஏறிட்டிருக்கு. வெளிய நிக்கறாங்க."

பெரியவர் எழுந்தார். முட்டி வலியை மறந்தவர் போல வாசல் வரை போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது. மெல்ல, பையோடு நின்றிருந்த மாடிப் பெண் பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பையையே பார்த்தார்.

"ஏம்மா, எனக்கு வாய் வரல. நீ முதல்ல போய் அவகிட்ட ஒரு வார்த்தை பேசறியா?"