சாயாத மூலை

காலை 9.10. வேலந்தாவளத்தைத் தாண்டியிருந்த பொறியியல் கல்லூரி. ஆய்வகத்தைத் திறந்த நஜ்லா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏ.சி. ஒழுகி மேசை நனைந்திருந்தது. நான்கு வருடம் பாடுபட்டு அவள் உருவாக்கிய சிலிக்கான் சில்லு மூடியில்லாமல் கிடந்தது.

10.05. நஜ்லாவின் புகாரைக் கேட்டுக் கிளம்பி, மாட்டுச் சந்தை நெரிசலில் மாட்டி, ஒருவழியாக வந்து சேர்ந்தாள் எஸ்.ஐ. கோமதி. விஞ்ஞானம் அவளுக்குச் சுத்தமாக வராது. ஆனால் புரியும்வரை கேட்காமல் விடமாட்டாள்.

சில்லு விரல்நகம் அளவுதான். அதன்மேல் கார்பன் நானோ குழாய்களை நாற்றுப்போல நெருக்கமாக நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங்குகள் செய்திருந்தாள் நஜ்லா. நுண்ணோக்கியின் திரையில் இப்போது ஒரு மூலையைத் தவிர எல்லாம் சாய்ந்து கிடந்தன.

"பன்னெண்டு மணிக்கு நிபுணர் குழு வருது மேடம். என் கவனக்குறைவுன்னு புராஜெக்ட்ல இருந்தே எடுத்துருவாங்க. சத்தியமா மூடித்தான் வச்சேன்."

"சாவி யார்கிட்ட இருக்குது?"

"என்கிட்டயும் பூபதிராஜாகிட்டயும். இதே ஸ்பிரிங்கை அவர் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு மாதிரி செய்யறவர். ஒருதடவை அழுத்தினா மறுபடி எந்திரிக்காதுன்னு கட்டுரை போட்டிருக்கார். என்னோடது எந்திரிச்சுது."

10.40. பூபதிராஜா பதற்றமில்லாமல் உட்கார்ந்தான்.

"எப்படிச் சாஞ்சிருக்குமுங்க?" என்று கேட்டாள் கோமதி.

"ஏ.சி. தண்ணி ஊறியிருக்குமுங்க. காயறப்போ குழாயெல்லாம் ஒட்டிச் சாஞ்சிரும்."

"நீங்க கையால ஒண்ணாவது செஞ்சதுண்டுங்களா?"

"அது நஜ்லா வேலைங்க."

கோமதி சில்லின் பக்கம் குனிந்தாள். ஏ.சி.யிலிருந்து விழுந்த ஒரு சொட்டு, சாயாத அந்தக் கறுப்பு மூலையின்மேல் சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. சில்லு இருந்த தட்டைச் சாய்த்தாள். சொட்டு ஓடிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் மூலை அப்படியே நின்றது.

"நஜ்லா, இதுல எது ஊறும்?"

"ஸ்பிரிட் மேடம். அஞ்சு நிமிஷத்துல காஞ்சு, குழாயெல்லாம் சாஞ்சிரும். தடமே இருக்காது."

கோமதி திரும்பினாள். "ஏனுங்க பூபதிராஜா, தண்ணி இதுல ஒட்டவே மாட்டேங்குது. அப்புறம் எங்கிருந்துங்க ஊறும்? இதைச் செஞ்ச கைக்கு அது தெரியும். நஜ்லா கெடுத்திருந்தா ஏ.சி. மேல பழி போட்டிருக்க மாட்டா. சீக்கிரம் காயட்டும்னு ஸ்பிரிட்டை ஊத்திட்டு, ஏ.சி. தண்ணி போற குழாயை உருவிவிட்டது நீங்கதானுங்க. அவசரத்துல ஒரு மூலை தப்பிருச்சு."

அவன் முகம் வெளுத்தது.

"ஆறு வருஷ உழைப்புங்க. இது எந்திரிச்சா நான் எழுதினதெல்லாம் பொய்யாயிருமுங்க" என்றான். கோமதிக்கு அவன்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

12.00. குழுவின் முன்னால் நஜ்லா மிஞ்சிய மூலையை ஊசிமுனையால் அழுத்தினாள். திரையில் ஸ்பிரிங்குகள் அமுங்கின. பிறகு மெல்ல நிமிர்ந்தன.

ஜீப்புக்குப் போகும் வழியில், போலீஸ்காரர்களுக்கு நடுவே கதவோரம் நின்றிருந்தான் பூபதிராஜா. அது நிமிர்வதை அவன் நேரில் பார்ப்பது இதுதான் முதல்தடவை.

"நஜ்லா, இன்னொருக்கா காட்டுங்க" என்றான்.

நஜ்லா அவனைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள்.