குத்தத் தெரிந்த படகு

பிளாட் புஷ் புறநகர்த் தமிழர்களில் யார் புதுக் கார் வாங்கினாலும் தேங்காய் உடைக்க யசீகரனைத்தான் கூப்பிடுவார்கள். வெல்டர் கை, ஒரே அடியில் பிளந்துவிடும். அந்தப் பெருமையோடுதான் டெவன்போர்ட் கரையிலிருந்த தகரக் கொட்டகைக்கும் வெல்டிங் வேலைக்கு ஒரு தேங்காயோடு போனான்.

உள்ளே, சேற்றிலிருந்து தோண்டியெடுத்த டார்பிடோ படகு கிடந்தது. நூற்றுநாற்பது வருடப் பழசு. முன்பக்கம் பனை நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பம். நுனியில் வெடியைக் கட்டிக்கொண்டு போய் எதிரிக் கப்பலின் வயிற்றில் குத்த வேண்டும். ஆனால் எதிரி வரவே இல்லை. தன் சேவைக்காலம் முழுக்க அது குத்தியது ஒரேயொரு முறை: பயிற்சியில் கம்பம் திரும்பி, சொந்த மாலுமியின் நெஞ்சை.

அந்தக் கதையைச் சொன்னவள் சீரமைப்புக்குப் பொறுப்பான மதுரைக்காரி தமயந்தி. அவன் படகின் மூக்கில் தேங்காயை உடைத்ததும் அவள் முகம் வெளுத்தது.

“கப்பல் மூக்குல எதையாவது உடைச்சா, கிளம்புன்னு அதுக்கு உத்தரவு கொடுக்கிறதா அர்த்தம், யசீகரன்.”

“வேலை தொடங்க முதல் உடைக்கிறது எங்கட வழமைதானே அக்கா,” என்று சிரித்தான்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவனுக்குத் தெரியவில்லை.

தேங்காய்த் தண்ணீர் தரைக்கு வரவில்லை. இரும்பு குடித்துவிட்டது.

கரிப்புகை நாறியது. இயந்திரமே இல்லாத படகின் வயிற்றுக்குள் ஏதோ கொதித்தது.

கம்பம் திரும்பியது.

தமயந்தி கதவுக்கு ஓடினாள். கம்பம் அவள் தோளைத் துளைத்துத் தகரச் சுவரோடு அறைந்தது. எலும்பு நொறுங்கியது அவனுக்குக் கேட்டது. கம்பம் உருவிக்கொண்டு பின்வாங்கி, மறுபடி குத்தியது.

யசீகரன் கேஸ் கட்டரைப் பற்றவைத்துக் கம்பத்தை அறுத்தான். உள்ளங்கை வெந்தது. அறுபட்ட அடிக்கட்டை வீசியதில் அவன் விலா எலும்புகள் மூன்று முறிந்தன. இருந்தும் அவளை இழுத்துக்கொண்டு வெயிலுக்குள் விழுந்தான்.

அவள் பிழைத்துக்கொண்டாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்தபோது, அவன் குற்ற உணர்வில் குறுகி, கட்டில் கால்மாட்டில் நின்றான்.

“என்ர பிழை அக்கா. மன்னியுங்கோ.”

அவள் அவன் நெஞ்சை அளவெடுப்பதுபோல் பார்த்தாள். அவள் மூச்சில் அதே கரிப்புகை நாறியது.

“நேரா போ,” என்று யாருக்கோ கிசுகிசுத்தாள்.

நான்கு சக்கரங்களும் பூட்டியிருந்த கட்டில் அவனை நோக்கிப் புறப்பட்டது.