முதலை தின்ற சீட்டு

மின்மினி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். அவளுக்கு ஞாபகம் சட்டென்று வரும், சட்டென்று அணைந்துவிடும். வேறென்ன பெயர் வைப்பார்கள், நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா.

போன மாதம் தோழி சுருட்டையிடம் வண்ணப்பெட்டி இரவல் வாங்கினாள். திருப்பித் தர மறந்துபோனாள். பாவம் சுருட்டை, ஓவியப் போட்டியில் வெறும் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றே மின்மினி தன் அறை ஜன்னலில் ஒரு கயிறு கட்டினாள். செய்ய வேண்டியதை எல்லாம் சீட்டுகளில் எழுதி, துணி மாட்டும் கிளிப்பால் அதில் மாட்டினாள்.

ஆனாலும் படுக்கையில் புரண்டுகொண்டே, "பட்டன் தைக்கணும், புத்தகம் குடுக்கணும்..." என்று முணுமுணுத்தாள். கயிற்றின் மேல் நம்பிக்கை வரவில்லை. எப்படி வரும்? நூலகப் புத்தகத்தைக் கொடுக்காமல் திட்டு வாங்கியபோது, சீட்டு என்னவோ கயிற்றில் சமர்த்தாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இவள்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

'துணியைக் காயப்போட்டுட்டு எடுக்கவே போகலைன்னா எப்படி? சீட்டும் அப்படித்தானே?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு தினமும் பள்ளிப் பையை இறக்கி வைத்ததும் கயிற்றின் முன் நிற்பாள். ஒவ்வொரு சீட்டையும் தொட்டுத் தொட்டு வாசிப்பாள். முடிந்த வேலை கீழே இறங்கும். 'அதை முடி' என்று ஒரு சீட்டில் இருந்தால், எதை என்று தலையைச் சொறிந்து யோசித்து, ஒழுங்காகத் திருப்பி எழுதுவாள். கொஞ்ச நாளில் படுக்கை முணுமுணுப்பு குறைந்தது.

அப்போதுதான் சுருட்டை காலில் அடிபட்டு மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தாள். பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு படம் வரைந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலைக்குள் கொடுக்க வேண்டும்.

"வியாழக்கிழமை சாயந்திரம் நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றாள் மின்மினி.

சுருட்டை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா?"

"நான்தான்."

"சரி, பாக்கலாம்."

வியாழக்கிழமை வந்தது. மின்மினி வழக்கம்போல் கயிற்றின் முன் நின்றாள். பட்டன், செடிக்குத் தண்ணீர், அத்தைக்கு போன். எங்கோ இடித்தது. தினமும் பார்த்துப் பழகிய கண் அல்லவா? பட்டன் சீட்டுக்குப் பக்கத்தில் பச்சை கிளிப் ஒன்று இருக்க வேண்டும். காணோம்.

"தம்பி, பச்சை கிளிப்பை எடுத்தியாடா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அது கிளிப் இல்ல. முதலை வாய்."

"அதுல இருந்த சீட்டு?"

"முதலை தின்னுடுச்சு."

"அப்ப துப்பச் சொல்லு."

கசங்கிய சீட்டு வெளியே வந்தது. 'வியாழக்கிழமை சாயந்திரம் சுருட்டை வீட்டில் படம் வாங்கணும்.'

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். சுருட்டை படத்தை மடியில் வைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டேன்னு நெனச்சேன்."

"முதலை குறுக்க வந்துடுச்சு."

"கதை விடாத."

"நெசமாத்தான். பச்சை வாய், கட்டிலுக்கு அடியில இருக்கு."

சுருட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தை நீட்டினாள்.

மறுநாள் படம் கண்காட்சிச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சேதியைச் சொல்ல மின்மினி பள்ளியிலிருந்து நேராக சுருட்டை வீட்டுக்கு வந்தாள்.

"அடுத்த வாரம் மாவுக்கட்டைப் பிரிக்கப் போறாங்க. எனக்குப் பயமா இருக்கு. நீ கூட வர்றியா?" என்றாள் சுருட்டை. மறந்துட மாட்டியே என்று கேட்கவில்லை.

"என்னைக்கு?" என்றபடி மின்மினி பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள்.