காடோடிக்கு மந்திரம் எதற்கு?

நெடுவனத்தில் காடோடிகள் மந்திரம் போடலாமா கூடாதா என்று வாக்கெடுப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரில் கல்யாண மண்டபங்கள்கூடக் காற்று வாங்கின. மாப்பிள்ளையே நெற்றியில் புலன்பட்டையைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்திருந்தால் ஐயர்தான் என்ன செய்வார்?

புலன்பட்டை வந்து இருபது வருஷமாகிறது. அதைக் கட்டிக்கொண்டு நெடுவனம் என்ற விளையாட்டுக்குள் போனால் ஈர மண் மணக்கும், அட்டை கடிக்கும், பசிக்கவும் செய்யும். வேலை முடிந்ததும் நாற்பது லட்சம் பேர் நெடுவனத்துக்குள் போனார்கள். தினமும் வழி மாறுகிற காடு அது. அதன் மறுபக்கத்தைப் பார்த்தவர் அன்றுவரை ஒருவருமில்லை.

நீலமேகம் வெளியே பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியன். உள்ளே பதினோரு வருஷமாகக் காட்டில் வழி கண்டு நடத்திப் போகிற காடோடி. தடம் மறைக்க, விலங்கோடு பேச, காயம் ஆற்ற என்று காடோடிகளுக்கு ஆறு மந்திரங்கள் உண்டு. ஒன்றைக்கூட அவன் சொன்னதில்லை, அப்படி ஒரு வீம்பு. அவன் மனைவி பவளக்கொடி மந்திரவாதி. நானூறு மந்திரங்களும் ஒவ்வொன்றும் ஏன் பலிக்கிறது என்ற விதியும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சேர்ந்து போய்க் காட்டின் மறுபக்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது இருவருக்கும் ஒன்பது வருஷ ஆசை.

வாக்கெடுப்புக்குக் கூடிய சபையில் நீலமேகம் முழங்கினான். "தடத்தப் பாத்து மான் போச்சா பன்னி போச்சான்னு சொல்றவந்தானுங்க காடோடி. அவனுக்கு எதுக்குங்க மந்திரம்?"

"மந்திரமும் இல்லேன்னா அவரு வில்லு புடிச்ச வாட்ச்மேன்தானே!" என்றாள் ஓசூர்க்காரி ஒருத்தி. சபையே சிரித்தது.

நீலமேகத்துக்குக் காது சிவந்துவிட்டது. அப்போதுதான் நடுவி பேசியது. ஆடுபவரின் நரம்பைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் இயந்திரம் அது. விதியை அமல்படுத்த வேண்டுமானால் மந்திரம் என்பது என்ன என்று யாராவது சொல்ல வேண்டும் என்றது.

"செய்யறவனுக்கே ஏன் நடக்குதுன்னு தெரியாம நடந்தா அது மந்திரம்," என்றான் நீலமேகம். "காரணம் தெரிஞ்சு செஞ்சா அது வித்தை. அவ்வளவுதானுங்க."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. அவன் பக்கமே ஜெயித்தது.

"ஏனுங்க, நான் எல்லாத்தையும் காரணம் தெரிஞ்சுதானே பண்றேன்?" என்றாள் பவளக்கொடி.

"அட, அது வேற," என்று சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை மாலை, ஒரு புதருக்குப் பத்தடி முன்னால் நீலமேகம் நின்றான். வேறு பக்கம் திரும்பினான்.

"ஏன் திரும்பினீர்கள்?" என்று கேட்டது நடுவி.

"புலி இருக்குது."

"எப்படித் தெரியும்?"

வாசனை வரவில்லை. பறவைகள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன. தடமும் இல்லை. "தெரியுமுங்க," என்றான். "பதினோரு வருஷப் பழக்கம்."

புலி இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. காரணம் தெரியாமல் நடந்ததால் மந்திரம் என்று நடுவி தீர்ப்புச் சொன்னது. மூன்று முறை அப்படி ஆனால் பட்டம் போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் அவனும் அவனைப் போன்ற பழம்புலிகள் முப்பதாயிரம் பேரும் காடோடிப் பட்டம் இழந்து சுமையாட்கள் ஆனார்கள். காலியான இடங்களுக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவர்களை நடுவி தேடியது. மந்திரவாதிகள்தான் கிடைத்தார்கள். பவளக்கொடி காடோடி ஆனாள்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டீங்களே!" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். அவன் அழுதுவிட்டான். அவளுக்கும் தாங்கவில்லை. "விடுங்க. நீங்க மூட்டையத் தூக்கிட்டு எங்கூட வாங்க. ரெண்டு பேரும் போயே தீருவோம்."

போனார்கள். வழி இரண்டாகப் பிரிகிற முதல் கவட்டையிலேயே நின்றுவிட்டாள். "எந்தப் பக்கமுங்க?"

"இடது."

"ஏன்?"

"ஏன்னா... அங்கதான்."

"காரணமில்லாமக் காலெடுத்து வெச்சா எனக்கும் பட்டம் போயிருமுங்க."

நீலமேகம் சுற்றுமுற்றும் பார்த்தான். ஓர் ஈச்ச மரம் கண்ணில் பட்டது. "ஈச்ச மரம் சாஞ்ச பக்கம் தண்ணி இருக்கும், பவளம்."

பச்சைப் பொய். அவள் நம்பினாள். நடுவி அவள் நரம்பைப் படித்தது. காரணம் இருந்தது, விட்டுவிட்டது. சுமையாள் பேச்சை அது கண்டுகொள்வதே இல்லை.

அதன்பின் அவன் முதலில் வழியை முடிவு செய்தான், பிறகு காரணம் தேடினான். புற்றின் வாய் கிழக்கே இருந்தால் புலி வராது. பாறையில் பாசி வெளுத்திருந்தால் திரும்பு. இப்படி இருபத்தாறு. பத்தொன்பதாம் நாள் மரங்கள் முடிந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. பவளக்கொடி அவன் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். அவனுக்கும் அன்று இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

வந்த வழியை எல்லாருக்கும் சொல்லும்படி நடுவி அவளைக் கேட்டது. இருபத்தாறு விதிகளையும் கடகடவென்று ஒப்பித்தாள். நீலமேகம் குறுக்கே பேசியிருக்கலாம். பேசினால் அவள் காட்டைக் கடந்ததும் மந்திரமாகிவிடும், அந்தச் சாதனையையே அழித்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டான்.

மறுநாளே விதிகள் பாடமாயின. திருப்பூரில் மட்டும் பதினான்கு டியூஷன் சென்டர்கள் திறந்தார்கள். ஆறு மாதத்தில் ஒருவர்கூட மறுபக்கம் சேரவில்லை. புலிகள்தான் கொழுத்தன. பாடத்தை யாரும் சந்தேகப்படவில்லை. தான் சரியாகப் படிக்கவில்லை என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

நீலமேகத்துக்குப் பணிமனையில் வேலை மிகுந்திருந்த ஒரு வாரம், பவளக்கொடி தனியாகப் போனாள். இரண்டாம் நாளே புலி அடித்துவிட்டது. பட்டையைக் கழற்றியவள் முகம் வாடிப்போயிருந்தது.

"எங்கியோ பாடத்தைத் தப்பாச் சொல்லீட்டனுங்க," என்றாள். நோட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். "ஒப்பிக்கறேன், சரியான்னு பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டு முதல் விதியைச் சொன்னாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"சரி," என்றான் நீலமேகம். "அடுத்தது?"