ஏழு மணி வரைக்கும் பிணம்

போன் அலறியது!

காலை ஒன்பது மணி. கிரீஸ் நாட்டின் பாத்ராஸ் துறைமுகத்தைப் பார்த்த மூன்றாவது மாடி அறை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து போனைத் துழாவி எடுத்தது.

"ஹலோ..."

"யாரு?"

"நான்தான், ஸ்திராதோஸ்."

மறுமுனையில் 'வீல்' என்று ஓர் அலறல்!

"மிர்தோ? என்னாச்சு?"

"டேய்... நீ செத்துப் போயிட்டடா!"

ஸ்திராதோஸ் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். தேர்தலுக்காக வளர்த்த தாடி சூடாகத்தான் இருந்தது.

"யார் சொன்னது?"

"நாலாயிரம் பேரு! நீ பாட்டுக்கு நெட்டை அணைச்சுட்டுத் தூங்கிட்ட. இங்க ஊரே ஒப்பாரி வைக்குது!"

இன்று மாணவர் தேர்தல். தலைவர் நாற்காலிக்கு நிற்பவன் ஸ்திராதோஸ். அவன் அணியின் இணையப் பக்கத்தை நடத்துபவள் மிர்தோ. அந்த நாற்காலிக்காக மூன்று வருஷமாக அவன் கிடந்த தவத்தில் பாதியைப் படிப்பில் காட்டியிருந்தால் இந்நேரம் பட்டம் வாங்கியிருப்பான். பாவம்!

நெட்டைப் போட்டான்.

நேற்று சாயங்காலம் ஏற்றிய படம். கலங்கரை விளக்கத்தின் கீழே நாற்பத்து மூன்று முறை எடுத்தது. கண் திறந்திருந்த படங்களிலெல்லாம் தும்மப் போகிறவன் மாதிரி இருந்ததால் கண் மூடிய படத்தைத் தேர்ந்தெடுத்தான். கம்பீரம் போதவில்லை என்று நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கினான். கீழே ஒரு வரி... 'என் போராட்டம் உங்களில் தொடரும்.'

தலைவன் மாதிரி தெரிய ஆசைப்பட்டான். மின்கம்பத்தில் ஒட்டும் சாவு நோட்டீஸ் மாதிரி தெரிந்தான்.

யாரோ ஒரு புண்ணியவதி முதலில் அஞ்சலி எழுதியிருந்தாள். 'உன் மேல் விழும் மண் லேசாக இருக்கட்டும்.'

அவ்வளவுதான்... உடைந்தது மடை!

"வழக்கமா என் படத்துக்குப் பதினோரு லைக். அதுல ரெண்டு எங்கம்மா." ஸ்திராதோஸ் கமெண்டுகளைத் தள்ளித் தள்ளிப் படித்தான். "நான் இவ்ளோ நல்லவனா மிர்தோ?"

"செத்தா எல்லாரும் நல்லவங்கதான். இன்னொண்ணு கேளு. அந்தப் படத்துக்குக் கீழ எதிர் அணி வாங்கெலிஸ் 'நாளையோட உன் கதை முடிஞ்சுது'ன்னு எழுதியிருந்தான்ல?"

"ஆமா, ஓட்டு விஷயமா."

"போலீஸுக்கு அது தெரியுமா? காலைலயே வீட்ல வந்து தூக்கிட்டாங்க!"

"ஐயோ! நான் உயிரோட இருக்கேன்னு உடனே போடு!"

"போடறேன்... ஆனா ராத்திரி வரைக்கும் நம்ம கணக்குப்படி நீ நூத்தி இருபது ஓட்டுல தோத்துட்டு இருந்த. இப்ப வரிசைல நிக்கற அத்தனை பேரும் அழுதுகிட்டே உன் பேருக்குத்தான் போடறாங்க. ஏழு மணிக்கு ஓட்டு முடியுது. அதுவரைக்கும் செத்திரு!"

ஸ்திராதோஸ் யோசித்தான். வெட்கமாக இருந்தது. நாற்காலியும் தெரிந்தது.

அம்மாவுக்கு மட்டும் போன் போட்டான்.

"அம்மா... நான் சாகல!"

"தெரியும்டா. படத்தப் பாத்தேன். செத்த மாதிரி இல்ல, சாப்பிடாத மாதிரிதான் இருக்கு."

பிற்பகல் மூன்று மணி.

டொக்... டொக்!

ஸ்திராதோஸ் பாய்ந்து கட்டிலில் விழுந்து விறைத்தான். வீட்டுக்காரரின் சாவி திரும்பியது. உள்ளே வந்தவர் இன்ஸ்பெக்டர் கலியோப்பி. தடித்த கண்ணாடி, தேய்ந்த ஷூ. கட்டிலைப் பார்க்கவே இல்லை. மேஜைமேல் இருந்த ஐஸ் காப்பியைப் பார்த்தார்.

"நுரை இன்னும் அடங்கல. எழுந்திரு தம்பி."

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"மேடம்... ஏழு மணிக்கு அப்புறம் ஸ்டேஷனுக்கு வரட்டுமா?"

"தாராளமா வா. அந்த வாங்கெலிஸ் காலைலேர்ந்து அழுதுட்டே இருக்கான். 'நான் கமெண்ட்தான் மேடம் போட்டேன், கத்தியால போடல'ன்னு. அவன் அம்மா ஸ்டேஷன் வாசல்ல நிக்கறாங்க. ஏழு மணின்னு அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லிடு."

கடிகாரம் மூன்று ஐந்து காட்டியது. இன்னும் நான்கு மணி நேரம் படுத்திருந்தால் போதும்... நாற்காலி!



ஸ்திராதோஸ் குனிந்து ஷூவைத் தேடினான்.

"போலாம் மேடம். நாசமாப் போகட்டும் நாற்காலி."

ஸ்டேஷனில் வாங்கெலிஸ் அவனைப் பார்த்ததும் ஓர் அறை விட்டான். அப்புறம் கட்டிப்பிடித்து அழுதான். அப்புறம், அரசியல்வாதி அல்லவா, செல்ஃபி எடுத்தான்!

"இதோ போட்டுட்டேன்டா! 'ஸ்திராதோஸ் உயிரோடு இருக்கிறார்!' இப்ப பாரு உன் அனுதாப ஓட்ட!"

பார்த்தார்கள்.

'போலிப் படம்.'

'கம்ப்யூட்டர் வேலை. விரலை எண்ணிப் பாருங்கள்.'

'இறந்தவனை வைத்து ஓட்டுப் பிடிக்கிறாயே, நீயெல்லாம் மனுஷனா?'

வாங்கெலிஸ் வாயைப் பிளந்தான். ஸ்திராதோஸ் படத்தை உற்றுப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படத்துக்காக முறைக்காமல், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றிருந்தான். அதனால்தான் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை!

கையெழுத்துகள் போட்டு முடிக்கவே மணி ஆறரை தாண்டிவிட்டது. கல்லூரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். ஓட்டு எண்ணி முடித்திருந்தார்கள். அணியின் மேஜைமேல் அவன் படம், மெழுகுவத்தி, மலர்கள். மிர்தோ ஓடி வந்து அவன் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் தள்ளினாள்.

"ஏன்டா வந்த?"

"மனசு கேக்கல. ஊர்ல எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லப்போறேன். யாரு ஜெயிச்சா?"

மிர்தோ சுவரைக் காட்டினாள். இந்தத் தேர்தலில் பொது முடிவு என்று ஒன்று எந்தக் காலத்திலும் வந்ததில்லை. ஒவ்வோர் அணியும் தன் முடிவைத் தானே எழுதித் தானே ஒட்டும். மற்றவர் கணக்கை யாரும் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின.

"வாங்கெலிஸ் அணி கணக்குல நீ உயிரோட இருக்க. ஊர ஏமாத்தினதால உன் ஓட்டு எதுவும் செல்லாது. அவன்தான் தலைவர்."

"சரி... நியாயம்தான். நம்ம அணி கணக்குல?"

"நீ நேத்தே செத்துட்ட. முந்நூறு ஓட்டுல ஜெயிச்சுட்ட. நாற்காலில உன் படத்த வைக்கறோம். வேலைய நான் பாத்துக்கறேன்."

"மிர்தோ! நான் இதோ உன் கண்ணு முன்னாடி நிக்கறேன்!"

மிர்தோ மெழுகுவத்தியை அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, அவனை மேலும் கீழும் பார்த்துக் கேட்டாள்...

"அத விடு. நீ எந்த அணி?"